சாம்பலுக்கு அடியில் ஓர் ஊர்



கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவைப் படங்களில் கண்டிருப்பீர்கள். செங்குத்தான மலைமுகட்டில் வெண்ணிற வீடுகள். கீழே ஆழ்ந்த நீலக்கடல். ஓயா என்னும் சிற்றூரிலிருந்து காணும் கதிரவன் மறைவு. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் இவற்றைக் காணவே செல்கின்றனர். ஆனால், அவர்கள் நின்று ரசிக்கும் அந்த முகடு எதன் விளிம்பு என்பதை அறிவீர்களா? அது ஓர் எரிமலை வாயின் விளிம்பாகும்!

ஏறத்தாழ 3600 ஆண்டுகளுக்கு முன் அங்கு மாபெரும் எரிமலை வெடிப்பு நிகழ்ந்தது. பூமிக்கடியிலிருந்த கற்குழம்பு வெளியேறவே, நிலத்தின் நடுப்பகுதி உள்வாங்கிச் சரிந்தது. தீவு தன் இன்றைய பிறை வடிவத்தைப் பெற்றது அப்போதுதான். அதன் கடற்கரைகளும் நெருப்பின் பிள்ளைகளே. பெரிஸ்ஸா, கமாரி ஆகிய இடங்களில் மணல் கறுப்பாக இருக்கும். நண்பகல் வெயிலில் வெறுங்காலுடன் நடக்க இயலாது. தெற்கே உள்ள செந்நிறக் கடற்கரையில் பாறைகள் சரிந்து விழும் அபாயம் உண்டு. எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கடந்து செல்வோரும் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

அந்தக் கடற்கரைக்கு அருகிலேயே இருக்கிறது அக்ரோத்திரி. 1967ஆம் ஆண்டு ஸ்பிரிடோன் மரினாட்டோஸ் என்ற தொல்லியல் அறிஞர் இங்கு அகழாய்வைத் தொடங்கினார். சாம்பலுக்கு அடியில் ஒரு நகரமே வெளிப்பட்டது! மாடி வீடுகள், கல் பாவிய தெருக்கள், கழிவுநீர் வடிகால்கள், தானியங்களைச் சேமித்த பெரிய சாடிகள், சுவர்களில் மீன் ஏந்திய இளைஞனும், தகைவிலான் குருவிகளும், கப்பல்களும். ஆனால் அங்கே கிடைக்காத ஒன்றே நம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது. வெடிப்பில் மாண்ட மனிதர்களின் எலும்புக்கூடுகள் அங்கே கிடைக்கவில்லை.

காரணம் என்ன? வெடிப்புக்கு முன்னரே நிலநடுக்கம் அவர்களை உலுக்கியிருக்கிறது. இடிபாடுகளை ஒதுக்கிச் சீர்செய்யத் தொடங்கியதற்கான தடயங்கள் தெருக்களில் உள்ளன. பின்னர் அந்த வேலையையும் பாதியில் விட்டு அவர்கள் வெளியேறியிருக்கிறார்கள். விலையுயர்ந்த பொருள்களுள் பெரும்பாலானவற்றை எடுத்துச் சென்றுவிட்டனர். மரப்பேழை ஒன்றில் தங்கிவிட்ட சிறிய தங்க ஆட்டுருவம் 1999இல் கிடைத்தது. வீட்டை விடத் துணிந்தவர்கள் அவர்கள்!

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 1956இல் அப்பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் பூமி அதிர்ந்தது. வாரக்கணக்கில் ஆயிரக்கணக்கான அதிர்வுகள்! பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறினர். அதிர்வுகள் அடங்கிய பின்னரே வாழ்க்கை வழமைக்குத் திரும்பியது. அஞ்சியபடி எரிமலை வெடிக்கவில்லை. அதனால் வெளியேறியவர்கள் ஏமாளிகள் ஆகிவிடுவார்களா? இல்லை. எச்சரிக்கையை மதித்தவர் எதையும் இழப்பதில்லை. மதியாதவர் இழந்தால் மீட்க வழியில்லை.

வாசகர்களே! அத்தீவுக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ கிடைத்தால், கதிரவன் மறைவைக் காண்பதற்கு முன் அக்ரோத்திரியின் தெருவில் சற்று நில்லுங்கள். ஒதுக்கிவைத்த இடிபாடுகளையும், அப்படியே நிற்கும் சாடிகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வீடு கட்டத் தெரிந்த மக்கள், விட்டுச் செல்ல வேண்டிய வேளையையும் அறிந்திருந்தார்கள் என்று சொல்லுங்கள். அழகைக் கண்டு திரும்புவது சுற்றுலா. படிப்பினையோடு திரும்புவதே பயணம்.