துப்பாக்கிக்கு ஒரு விலை, கதைக்கு ஒரு விலை

2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பொன்ஹம்ஸ் ஏல நிறுவனம் ஒரு பழைய கோல்ட் றிவோல்வரை 60 இலட்சம் அமெரிக்க டொலருக்குச் சற்று மேலான தொகைக்கு விற்றது. 1881 ஜூலை 14ஆம் திகதி இரவு, நியூ மெக்சிக்கோவின் ஃபோர்ட் சம்னரில், பில்லி த கிட் என்ற இளம் கொள்ளையனை ஷெரிஃப் பற் கரெற் சுட்டுக்கொன்ற ஆயுதம் அது. விற்பனைக்கு முன்னர் ஏல நிறுவனமே அதற்கு இட்டிருந்த மதிப்பு 20 முதல் 30 இலட்சம் டொலர். அதே தொழிற்சாலையில், அதே காலத்தில், அதே உருக்கில் செய்யப்பட்டு, யாருடைய பெயரும் ஒட்டிக்கொள்ளாத இன்னொரு றிவோல்வர் இந்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கைத் தொடுவதும் அரிது.

அப்படியானால் ஒரு பழைய றிவோல்வரின் நியாய விலை எது? அமெரிக்காவிலே இது வீட்டு முற்றத்து விற்பனை தொடக்கம் பெரும் ஏல மண்டபம் வரை நாளும் கேட்கப்படும் கேள்வி. துப்பாக்கி வைத்திருப்பதென்றால் 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தையும் அனுமதிப்பத்திரத்தையும் எண்ணிப் பழகிய எம்மவர்க்கு இது வேற்றுக் கிரகத்துச் சங்கதி போலத் தோன்றலாம். ஆயினும் பழைய காணி உறுதி, பழைய நகை, பழைய ஓவியம் என்று எதற்கேனும் விலை பேசியவர்கள் இக்கேள்வியின் உட்கிடக்கையை உடனே விளங்கிக்கொள்வர். எனது கருத்து இதுதான்: இரும்புக்கும் அதன் நிலைமைக்கும் தனியே ஒரு விலை பேசவேண்டும், கதைக்குத் தனியே இன்னொரு விலை பேசவேண்டும். இரண்டையும் ஒரே தொகையாகச் சொல்லுகின்ற விற்பனையாளர் பெரும்பாலும் இரண்டாவதைக் கொண்டு முதலாவதை மறைக்கிறார்.

முதலில் இரும்பு. 1955இல் கோல்ட் நிறுவனம் அறிமுகம் செய்த பைதன் என்ற .357 மக்னம் றிவோல்வரை எடுத்துக்கொள்வோம். கையால் மெருகிடப்பட்டு, ஆழ்ந்த நீலம் ஏற்றப்பட்ட அதன் மேற்பரப்பில் முகம் பார்க்கலாம் என்பார்கள். உற்பத்தி 2000களின் நடுப்பகுதிக்குள் நின்றுபோயிற்று. பின்னர் 2010இல் தொடங்கிய ‘த வோக்கிங் டெட்’ தொலைக்காட்சித் தொடரின் நாயகன் கையில் அது இருந்தது; தேடுவோர் பெருகினர், விலையும் ஏறிற்று. தொடரில் வந்தது எந்தத் துப்பாக்கியோ, விலை ஏறியது எல்லாப் பைதன்களுக்கும். 2020 ஜனவரியில் கோல்ட் நிறுவனமே துருப்பிடிக்காத உருக்கில் புதிய பைதனை 1,499 டொலர் என்ற பட்டியல் விலையோடு சந்தைக்கு விட்டது. சுட்டுப் பழகுவதற்காக மட்டும் ஒரு பைதன் வேண்டும் என்பவருக்கு அன்றே ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. தேய்ந்து, கீறல் விழுந்து, கைப்பிடி மாற்றப்பட்ட பழைய பைதனுக்கு அதைவிடப் பன்மடங்கு கேட்பவர், தாம் விற்பது அருமையையா அல்லது பெயரையா என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

நிலைமையை அளப்பதற்கு அமெரிக்கத் தேசிய றைபிள் சங்கம் வகுத்த தரப்படுத்தல் ஒன்று உண்டு. தொழிற்சாலை ஏற்றிய மூல மெருகில் நூற்றுக்கு எத்தனை பங்கு எஞ்சியிருக்கிறது என்பதற்கு அங்கே பேரிடம். 60இலிருந்து 80க்குப் போகும்போது விலை படியேறும். 95இலிருந்து 99க்குப் போகும்போது அது மாடியேறும். ஆகவேதான் பழைய றிவோல்வர்களுக்குப் புது மெருகு ஏற்றி விற்கும் பழக்கம் வந்தது. தந்தையின் துப்பாக்கி மங்கிக் கிடக்கிறதே என்று பிள்ளைகள் நல்லெண்ணத்தோடு புது நீலம் ஏற்றுவிக்கிறார்கள். அந்த ஒரு செயலால் அதன் சேகரிப்பு மதிப்பில் பெரும்பகுதி கரைந்துபோகிறது. பாரம்பரிய நகையை உருக்கிப் புதிதாய்ச் செய்வித்த கதைதான்.

புது மெருகைக் கண்டுபிடிப்பது கடினமன்று. இயந்திரத்தில் தேய்த்து மெருகிட்டால் குழலில் பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கும். ஆணித்துளையின் வாய் சற்றே குழிந்து அகலும். சிமித் அன்ட் வெசன் றிவோல்வர்களில் சுத்தியலும் விசையும் பொதுவாகத் தீயில் பதப்படுத்திய பலவண்ணச் சாயலோடு வருவன; நீல மெருகிட்ட துப்பாக்கியொன்றில் அவையும் ஒரே நீலமாக இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று ஐயுறலாம். ஆணித்தலைகள் சிதைந்திருந்தால் உள்ளே திறந்து பார்த்த கை தேர்ந்த கையல்ல. இவற்றோடு, சுத்தியலை மெல்லப் பின்னிழுக்கும்போது உருளை உரிய இடத்தில் பூட்டிக்கொள்கிறதா, பூட்டியபின் ஆட்டம் உண்டா என்றும் பார்க்கவேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் வைக்கப்போகிறேன் என்பவரும் இதைப் பார்க்கத்தான் வேண்டும். ஏனெனில் அவரிடம் பின்னொரு நாள் வாங்கப்போகிறவர் பார்ப்பார்.

இனிக் கதை. அமெரிக்கச் சேகரிப்பாளரிடையே ஒரு முதுமொழி உண்டு: துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே. நீதிமன்றச் செய்தி எழுதிய பழக்கத்தால் எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. கதையையும் வாங்கலாம், அது சான்றோடு வந்தால். சான்று என்பது விற்பவரின் பாட்டனார் சொன்னது அல்ல. அதை இப்போது ஒரு சத்தியக்கடதாசியில் எழுதித் தருவதும் அல்ல. கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகம் தொடரிலக்கத்தைக் கொண்டு ஒரு கடிதம் வழங்குகிறது. எந்த நாளில், யாருக்கு, எந்த மெருகோடு அனுப்பப்பட்டது என்பதை அது சொல்லும். அதன்பின் அது யார் இடுப்பில் தொங்கிற்று என்பதைச் சொல்லாது. பலர் இக்கடிதத்தைக் காட்டியே கௌபோய்க் கதைக்கும் சேர்த்துப் பணம் கேட்கிறார்கள். கரெற்றின் றிவோல்வர் அப்படியானதல்ல. ஓர் மதுச்சாலையில் காட்சிக்கு இருந்த அதனை மீட்க அவருடைய விதவை வழக்காட நேர்ந்தது. வழக்கு அக்குடும்பத்துக்குத் துன்பம். பிற்காலத்து ஏலக்காரருக்கோ அதுவே கைமாறிய வரலாற்றின் சாட்சி.

பிரான்சில் நடந்த இரு விற்பனைகள் இதனை இன்னும் தெளிவாக்கும். இரண்டும் லெஃபோஷோ வகை 7 மில்லிமீற்றர் றிவோல்வர்கள். ஒன்று, 1873 ஜூலை 10ஆம் திகதி பிரஸ்ஸல்ஸ் நகரில் கவிஞர் பால் வெர்லேன் கவிஞர் ஆர்தர் ரம்போவை மணிக்கட்டில் சுட்டது. 2016 நவம்பரில் பாரிஸ் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 4 இலட்சத்து 34 ஆயிரத்து 500 யூரோவுக்குப் போயிற்று. அதன் தொடரிலக்கம் அதை விற்ற பிரஸ்ஸல்ஸ் கடையின் பதிவேட்டோடு பொருந்தியது. மற்றது, ஓவெர் சூர் உவாஸ் கிராமத்து வயலில் 1960 அளவில் ஒரு விவசாயி கண்டெடுத்த, துருவேறிச் சிதைந்த இரும்புத் துண்டு. 1890இல் வின்சென்ட் வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டது இதனால்தான் என்று நம்பப்படுகிறது. இடம் பொருந்துகிறது; குண்டின் அளவு பொருந்துகிறது; மண்ணில் கிடந்த காலமும் பொருந்துகிறது. ஆனால் இதுதான் என்று சொல்லும் தாள் ஒன்றும் இல்லை. 2019 ஜூனில் அது 1 இலட்சத்து 62 ஆயிரத்து 500 யூரோவுக்கு விற்பனையாயிற்று. வெர்லேனைவிட உலகறிந்தவர் வான்கோ. இருந்தும் அவருடையதெனப்படும் துப்பாக்கி பாதி விலையையும் எட்டவில்லை. சந்தைக்கு அறிவில்லை என்று சொல்வோருக்கு இதை நான் எடுத்துக்காட்டுவதுண்டு. ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்கு அது கழிவு போட்டிருக்கிறது.

இவ்வளவும் சொன்னாலும் எனக்கு ஓர் அருவருப்பு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுடப்பட்டது .45 வெப்ளி றிவோல்வரால். முதலாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியப் படைகளுக்கென ஏராளமாகச் செய்யப்பட்ட வகை அது. சேகரிப்பாளருக்கு அருமையான பொருளே அல்ல. ஆனால் அந்த ஒன்று மட்டும் ஏலத்துக்கு வருமானால் என்ன விலை போகும் என்று எண்ணிப்பாருங்கள். மேலதிகமாகக் கொடுக்கப்படும் ஒவ்வொரு சதமும் ஒரு கொலைக்கான விலை. பில்லி த கிட் விடயத்தில் நூற்றாண்டுக்கு மேற்பட்ட தூரம் அந்தக் கூச்சத்தைக் கழுவிவிட்டது. எத்தனை ஆண்டு கழிந்தால் கழுவப்படும் என்பதற்கு எந்த விலைநூலிலும் பதில் இல்லை. நீதிமன்றச் சான்றுப்பொருள்கள் தனியார் கைக்குப் போகவே கூடாது என்பது என் பக்கம்.

பெரும்பாலானோர் எதிர்கொள்வது இத்தகைய துப்பாக்கியை அல்ல, இறந்துபோனவரின் அலுமாரியில் இருந்தவொன்றை. அமெரிக்காவில் அப்படியொன்று கைக்கு வந்தவர்கள் இணைய ஏலத்தளங்களில் கேட்கப்படும் விலையைப் பார்த்துக் கனவு காண்கிறார்கள். கேட்கும் விலை ஆசை. விற்று முடிந்த விலையே தகவல். ஏல மண்டபத்து விலையில் வாங்குபவர் கட்டும் மேலதிகக் கட்டணமும் அடங்கியிருக்கும். அது விற்றவர் கைக்கு வந்ததல்ல. மறுவிற்பனைக்கு வாங்கும் கடைக்காரர் சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைத்துக் கேட்பதும் களவல்ல. அவருக்கும் வாடகை உண்டு. ஆனால் கணவனை இழந்த ஒரு மூதாட்டியிடம், இது மீளமெருகிட்டது, இது பொதுவான வகை என்றெல்லாம் உண்மைக்கு மாறாகச் சொல்லி வாங்குவது வேறு. மூலப் பெட்டியையும் பற்றுச்சீட்டையும் குப்பையில் போட்டுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் கொண்டுபோகும் குடும்பங்களும் உண்டு. 1935இல் சிமித் அன்ட் வெசன் வெளியிட்ட பதிவுசெய்யப்பட்ட மக்னம் றிவோல்வரோடு வாங்கியவருக்குப் பதிவுச் சான்றிதழ் வழங்கும் முறை இருந்தது. அந்தத் தாளைத் தொலைத்தவர் உண்மைப் பணத்தையே தொலைத்தவர்.

கடைசியாக, தேசம். அமெரிக்க மத்திய சட்டம் 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டதைத் தொல்பொருளாகக் கொண்டு பல கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குகிறது. ஒரே வகை றிவோல்வரில் அந்த ஆண்டுக்கு இப்பாலும் அப்பாலும் பிறந்தவற்றுக்கு விலை வேறுபடுவது இதனாலேயே. பிரித்தானியாவில், 1996இன் டன்பிளேன் பாடசாலைப் படுகொலையை அடுத்து 1997இல் தனியார் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டபோது, ஒப்படைத்தவர்களுக்கு அரசே இழப்பீட்டு விலை குறித்தது. கனடாவிலோ 2022 ஒக்ரோபர் முதல் தனியாட்களிடையே கைத்துப்பாக்கி விற்பதும் கைமாற்றுவதும், சில விலக்குகள் நீங்கலாக, முடக்கப்பட்டிருக்கிறது. எல்லைக்கு அப்பால் பஃபலோவில் ஆயிரக்கணக்கான டொலர் பெறும் பைதன், ரொரன்ரோவில் அதே மெருகோடும் அதே பெட்டியோடும் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்கமுடியாத ஒரு பாரம்.