சுவருக்கும் குடை வேண்டும்!

ஐப்பசி அடைமழை வந்துவிட்டால் வீட்டுக்காரருக்குச் சுவரைப் பற்றித்தான் கவலை.

"சிமெண்ட் பூசினால்தான் கெட்டி" என்கிறார் மகன். "சுண்ணாம்புதான் நீடிக்கும்" என்கிறார் தந்தை.

யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரி! சுவரைப் பார்த்துப் பூச வேண்டும்.

ராஜபாளையத்துக்குச் சிமெண்ட் புதிதல்ல. 1957-ல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜா அந்த ஊர்க்காரர்தான். சிமெண்ட் வைத்துக் கட்டிய புதுச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு நல்லது. பூசியபின் 7 நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவருக்கு அது ஆகாது! உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாது. பூச்சு உப்பும், பாளம் பாளமாக விழும். சுண்ணாம்புப் பூச்சோ ஈரத்தை வெளியே விட்டுவிடும்.

பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரைப் பாருங்கள். ஆண்டாள் கோவில் கோபுரம் 11 நிலை. 192 அடி உயரம். எத்தனையோ மழையைப் பார்த்தது! அது நிற்பதற்கு அவ்வப்போது நடக்கும் திருப்பணியும் ஒரு காரணம்.

தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊரில் இன்னும் கவனம் தேவை. உப்புக்காற்று பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

எந்தப் பூச்சானாலும் சுவருக்குக் குடை வேண்டும். கூரையை இரண்டடி வெளியே நீட்டுங்கள். ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு வையுங்கள். விரிசலை மழைக்கு முன்பே அடையுங்கள்.

விலை உயர்ந்த பெயிண்டு பிறகு வாங்கலாம். நகையை அடகு வைத்துக் கட்டிய வீடு அல்லவா? முதலில் அது நனையாமல் இருக்கட்டும்!