துண்டுக்குள் பேரம்

லாப்டாப் திரை திடீரென்று கறுப்பாகிவிட்டால் ரிப்பேர்க் கடையில் சொல்லும் முதல் வார்த்தை, 'போர்டு போயிருச்சு ஸார்'. இரண்டாவது வார்த்தை ஒரு தொகை. அந்தத் தொகையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் பழைய லாப்டாப்பே ஒன்று வாங்கிவிடலாம் என்பது மூன்றாவதாக நாமே கண்டுபிடிப்பது. லினக்ஸ் போட்ட லாப்டாப் என்றால் இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு பத்து நிமிஷம் செலவழிக்கலாம். பல தடவை போர்டு பத்திரமாகத்தான் இருக்கிறது. மக்கர் செய்வது கிராஃபிக்ஸ் டிரைவர். அது வெறும் சாஃப்ட்வேர். சும்மா கிடைப்பது.

லினக்ஸா, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ, பழைய மெஷின்களை வாசலிலேயே நிறுத்தி ஜாதகம் கேட்கிறது. நல்ல நிலையில் இருக்கும் பத்து வயசு லாப்டாப்பைக் காயலான் கடைக்குப் போட மனசு வராதவர்களுக்கு லினக்ஸ் ஒரு வழி. தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 2011 செப்டம்பர் 15-ல் அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய சரக்கு. ஆன் செய்ததும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். எத்தனை பேர் அதைத் தொட்டுப் பார்த்தார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும்.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் இருக்கிறது. அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களை ஆடி 18-ல் வெளியிடுவது அந்த ஊர் வழக்கம். டிசைன் செய்கிற தம்பியிடம் ஒரு செகண்ட் ஹேண்ட் லாப்டாப். இங்க்ஸ்கேப், கிம்ப் என்று காசில்லாத சாஃப்ட்வேர்களிலேயே வேலையை ஓட்டுகிற கெட்டிக்காரன். ஞாயிறு ராத்திரி 'அப்டேட் இருக்கிறது, போடட்டுமா?' என்று மெஷின் கேட்க, போடு என்று அமுக்கிவிட்டுத் தூங்கிவிட்டான். திங்கள் காலை ஆன் செய்தால் கம்பெனி லோகோ வருகிறது, மறைகிறது, அப்புறம் அமாவாசை. ஆறு மகாலட்சுமியும் நாலு முருகனும் உள்ளே. போனில் அச்சக அண்ணாச்சி. "தம்பி, பிளேட் போடணும்லப்பா. ஃபைலு எங்க?"

லோகோ வந்தது அல்லவா, அதுதான் துப்பு. லினக்ஸ் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே வருகிற படம் அது. அது ஒழுங்காக, கோடு கிழியாமல் வந்தால் திரை, உள்ளே போகும் கேபிள், பின்னால் எரியும் விளக்கு எல்லாம் உயிரோடு இருக்கின்றன. லோகோவே வரவில்லையென்றால் டார்ச் லைட்டைத் திரை மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது விளக்கு. வெளி மானிட்டரை மாட்டி அதில் மட்டும் லோகோ வந்தால் கோளாறு திரையில் அல்லது கேபிளில். இதெல்லாம் கடைக்காரர் சமாசாரம், கொடுத்துவிடுங்கள். லோகோ வந்து அதற்கப்புறம்தான் இருட்டு என்றால் அவசரப்பட வேண்டாம். சந்தேகம் டிரைவர் மேல்.

டிரைவர் என்றால் என்ன?

மாட்டுச் சந்தையில் பேரம் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக் கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடிப்பதும் விடுவதும்தான் பேச்சு. பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு மண்ணும் புரியாது. கம்ப்யூட்டருக்கும் கிராஃபிக்ஸ் சில்லுக்கும் நடுவே நடப்பது இதேதான். 'இந்தப் புள்ளியைச் சிவப்பாக்கு' என்று சொல்ல எந்த விரலை எத்தனை தடவை அமுக்க வேண்டும் என்று தெரிந்த தரகர்தான் டிரைவர். சில்லு செய்த கம்பெனி அந்த விரல் பாஷையை வெளியே சொன்னால் யார் வேண்டுமானாலும் தரகராகலாம். சொல்லாவிட்டால் கம்பெனி அனுப்புகிற தரகர் மட்டும்தான்.

சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, பேரியம் பச்சை, செம்பு நீலம் என்பது வேதியியல் புத்தகத்திலேயே இருக்கிறது. எதை எவ்வளவு கலப்பது என்பதைத்தான் ஒரு ஃபாக்டரி போர்மேன் பக்கத்து ஃபாக்டரிக்குச் சொல்ல மாட்டார்.

இன்டெல் தன் சில்லுகளுக்கான டிரைவரை லினக்ஸுக்கு வெளிப்படையாகவே எழுதிக் கொடுக்கிறது. ஏ.எம்.டி. 2007-ல் துண்டை விலக்கச் சம்மதித்தது. என்விடியா வெகுநாள் விலக்கவில்லை. லினக்ஸை 1991-ல் ஆரம்பித்த லினஸ் டோர்வால்ட்ஸ், 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசும்போது கேமராவைப் பார்த்து அந்தக் கம்பெனிக்கு ஒரு விரலைக் காட்டினார். நடுவிரல். துண்டு போடாமல்.

அதற்குச் சில வருஷம் முன்பே ஒரு கூட்டம் வேறு வழியில் கிளம்பியிருந்தது. கம்பெனி டிரைவரை ஓடவிட்டு, அது ஒரு கோடு போடும்போது சில்லுக்குள் எந்தெந்த எண் மாறுகிறது என்று வேவு பார்த்தார்கள். துண்டு அசைவதைப் பார்த்தே விலையைக் கண்டுபிடிக்கிற வேலை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனபோது அங்கே கற்றுக்கொடுக்கவாவது ஆள் இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. இப்படிப் பிறந்த டிரைவரின் பெயர் நூவோ. பிரெஞ்சில் 'புதிது'. ஆரம்பித்தவர் 'என்வி' என்று தட்டியபோது அவருடைய அரட்டை சாஃப்ட்வேர் அதைத் தானாகவே 'நூவோ' என்று மாற்ற யோசனை சொல்ல, அதுவே பெயராகிவிட்டது. 2010-ல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே அதற்கு இடம் கிடைத்தது. நூவோ நல்ல பிள்ளைதான், ஆனால் வேகம் போதாது. 2014 இறுதியிலிருந்து வந்த சில்லுகள் கம்பெனி கையெழுத்துப் போட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் வேகத்தைக் கூட்ட விடுவதில்லை என்பதால் வேவு பார்த்தும் பிரயோஜனம் குறைந்து போயிற்று.

சரி, தம்பியின் லாப்டாப்பில் ஒரே ராத்திரியில் என்ன நடந்தது? அப்டேட்டில் கெர்னல் மாறியிருக்கும். கம்பெனி டிரைவர் கெர்னலுக்கு வெளியே இருப்பது. உடம்பு மாறினால் சட்டையை மறுபடி தைக்க வேண்டும். புது சில்லாக இருந்தால் தையல்காரர் இருக்கிறார். பழைய ஃபெர்மி வகை சில்லுகளுக்கான 390 வரிசை டிரைவருக்கு 2022 கடைசியோடு கம்பெனி கடையை மூடிவிட்டது. புதுக் கெர்னலுக்கு அந்தச் சட்டை பொருந்தாது. டிரைவர் ஏறாது, திரை வராது.

முதல் வைத்தியம் சுலபம். லோகோ வரும்போது எஸ்கேப் விசையைத் தட்டுங்கள் (ரொம்பப் பழைய மெஷினில் ஷிஃப்டை அமுக்கிப் பிடிக்க வேண்டும்). க்ரப் என்கிற பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போனால் பழைய கெர்னல் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் அநேகமாக நேற்றைய ஞாயிற்றுக்கிழமை அப்படியே திரும்பி வந்துவிடும். மகாலட்சுமிகளை பென் டிரைவில் ஏற்றிவிட்டு அண்ணாச்சியைக் கூப்பிடலாம்.

அதுவும் வரவில்லையென்றால் அதே பட்டியலில் முதல் வரியில் நின்று, எலிஃபன்ட்டுக்கு வருகிற ஆங்கில 'இ'யை அமுக்குங்கள். கன்னாபின்னாவென்று எழுத்துகள் வரும், மிரள வேண்டாம். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய் ஒரு இடைவெளி விட்டு, நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கில வார்த்தைகளையும் ஒட்ட வைத்துச் சின்ன எழுத்தில் அடித்து, எஃப் 10 அமுக்குங்கள். 'டிரைவரே, நீ கொஞ்சம் ஒதுங்கி நில், திரையை நான் எளிய முறையில் பார்த்துக் கொள்கிறேன்' என்று அர்த்தம். படம் வரும். பெரிசு பெரிசாக வரும், வெளிச்சம் குறைக்க முடியாது, வீடியோ திக்கித் திக்கி ஓடும். இந்தத் திரையை நம்பி முருகன் வேட்டியின் மஞ்சளை முடிவு செய்யாதீர்கள். இது ஃபைலை மீட்கவும் டிரைவரைச் சரிசெய்யவும் ஒரு தற்காலிக வழி. அடுத்த தடவை ஆன் செய்யும்போது அந்த வார்த்தை தானே மறைந்துவிடும்.

உள்ளே போனதும் டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்று ஐந்து எழுத்து, ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, கே. அவ்வளவுதான். மெஷினுக்குள் இருக்கிற சில்லுகள் எல்லாம் வரிசையாக வரும். 'விஜிஏ' அல்லது '3டி' என்ற வரிக்குக் கீழே எந்த டிரைவர் ஓடுகிறது என்று போட்டிருக்கும். சில லாப்டாப்பில் இரண்டு சில்லுகள் இருக்கும், இன்டெல் ஒன்று, என்விடியா ஒன்று. ஒரு வீட்டில் இரண்டு சம்பந்தி. யார் படம் காட்டுவது என்ற தகராறிலேயே திரை கறுத்துப் போவதும் உண்டு.

புது டிரைவரை உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' மூலமாகவே போடுங்கள். கம்பெனி வெப்சைட்டிலிருந்து இறக்கிப் போட்டால் அடுத்த கெர்னல் மாறும்போது மறுபடி இதே கதை. போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டால் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். செக்யூர் பூட் இருக்கிற மெஷினில், அடுத்த தடவை ஆன் செய்யும்போது ஒரு நீலத் திரை வந்து, இந்த டிரைவரை நம்பலாமா என்று கேட்கும். 'என்ரோல்' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பயந்துபோய் 'கன்டினியூ' அமுக்குகிறவர்கள்தான் ஜாஸ்தி. டிரைவர் வாசலோடு திரும்பிவிடும்.

2022 மே மாதம் என்விடியாவே கெர்னலுக்குள் போகும் பகுதியின் நிரலை வெளியிட்டது. 2018-ல் வந்த ட்யூரிங் வகைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும்தான். பழைய லாப்டாப்பில் கிடைக்கிற கார்டு பெரும்பாலும் அதற்கு முந்தியதாக இருக்கும். அதனால் லினக்ஸ் போடுகிற உத்தேசத்தில் செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகும்போது, "கிராஃபிக்ஸ் கார்டு தனியா இருக்கு ஸார், ரெண்டு ஜிபி!" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால், "தனியா இல்லாதது இருக்கா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். விலையும் குறைவாகச் சொல்வார்.