நுரையீரல் கேன்சர்: ஜீன் ரிப்போர்ட் ஆயுளைச் சொல்லிடுமா?

திருச்சி பஸ் ரஞ்சன்குடிக் கோட்டையைத் தாண்டும்போது உங்க வாட்ஸ்அப்பில் சித்தப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட் வருதுன்னு வச்சுக்கோங்க. கூடவே ஒரு லேப் விளம்பரம்: 'ஜீன் எக்ஸ்பிரஷன் டெஸ்ட் எடுத்தா நோய் எப்படிப் போகும்னு தெரிஞ்சுடும்.' பெரம்பலூர் வர்றதுக்குள்ள ஜிபே பண்ணிடலாமா?

கொஞ்சம் பொறுங்க.

நம் எல்லா செல்லிலும் ஏறக்குறைய ஒரே ஜீன்கள்தான். எது எவ்வளவு வேலை செய்யுது என்பதில்தான் வித்தியாசம். அதை ஆர்.என்.ஏ அளவை வைத்துக் கணக்கிடுவதுதான் ஜீன் எக்ஸ்பிரஷன். முதல் ஸ்டேஜில் ஆபரேஷன் செய்த இருவரில் ஒருவருக்கு கேன்சர் திரும்பும், இன்னொருவருக்குத் திரும்பாது. யாருக்கு கீமோ தேவைன்னு முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நல்லது!

அந்த ஆசையில்தான் 2006-ல் உலகமே ஏமாந்தது. வேலூர் சி.எம்.சி-யில் படித்த அனில் பொட்டி, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து, நுரையீரல் கேன்சர் திரும்புமா என்பதை ஜீன்களை வைத்துக் கணிக்கலாம்னு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதினார். எந்த மருந்து கேட்கும்னும் சொல்லலாம் என்றது அதே குழுவின் அடுத்த ஆய்வு. அதை நம்பி நோயாளிகளுக்கு ட்ரையலே தொடங்கிட்டாங்க. பேகர்லி, கூம்ப்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் அந்த டேட்டாவை உட்கார்ந்து நோண்டினார்கள். ஜீன் பட்டியல் ஒரு வரிசை தள்ளிப் போயிருந்தது. ஆமாங்க, எக்செல் ஷீட்ல நமக்கு நடக்கிற அதே தப்பு! ஆனா தப்பு அதோட நிற்கல. 2010-ல் ட்ரையல்கள் நின்றன, 2011-ல் கட்டுரை வாபஸ் ஆனது, 2015-ல் டேட்டா மோசடின்னு அமெரிக்க அரசு அமைப்பே அறிவித்தது.

அதுக்காக மொத்தத் துறையும் பொய்யில்லை. 2012-ல் 'லான்செட்' இதழில் வந்த 14 ஜீன் டெஸ்ட், கலிஃபோர்னியாவிலும் சீனாவிலும் தனித்தனி நோயாளிகளிடம் சரிபார்க்கப்பட்டது. ஆனாலும் மார்பகப் புற்றுநோயில் 21 ஜீன் டெஸ்ட் போல, நுரையீரலில் இது இன்னும் வழக்கமான சிகிச்சைக்குள் வரலை.

இன்றைக்கு சிகிச்சையை நிஜமா மாற்றுவது ஈ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே மாதிரியான டெஸ்ட்கள். இந்தியாவில் அடினோகார்சினோமா வகையில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் இருக்கு. அதற்குன்னே மாத்திரைகள் உண்டு. அதனால டாக்டரிடம், "இந்த டெஸ்ட் ரிசல்ட் வந்தா மருந்து மாறுமா?"ன்னு கேளுங்க. இல்லைன்னா பணத்தை அப்புறம் கட்டிக்கலாம். பயாப்ஸி மெழுகு பிளாக்கை மட்டும் பத்திரமா கேட்டு வாங்கி வைங்க, அடுத்த டெஸ்ட்டுக்கு அதுதான் தேவைப்படும்.