தடித்த சுவர் மட்டும் போதுமா?

இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் அமைந்த பந்தயத் தளத்தில் கார்கள் சீறிப் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு, எஞ்சினை மாற்றியமைத்து வேகத்தைக் கூட்டும் ஆசை எழுவது இயல்பே. ஆனால், "உருளைக்குள் தடித்த ஸ்லீவ் போட்டுவிட்டால் எஞ்சின் எதையும் தாங்கும்" என்பது தவறான நம்பிக்கை என்பேன்.

ஸ்லீவ் என்பது பிஸ்டன் ஓடும் உருளையின் உட்சுவராக அமையும் இரும்புக் குழாய். லைனர் என்றும் சொல்வர். எரியும் வாயு இதனை வெளிநோக்கித் தள்ளும்போது சுவர் சுற்றுவாக்கில் இழுபடுகிறது. அழுத்தத்தை உள் ஆரத்தால் பெருக்கிச் சுவரின் தடிப்பால் வகுத்தால் இந்த இழுதகைவு ஏறத்தாழக் கிடைக்கும்.

ஆரம் 40 மி.மீ., தடிப்பு 4 மி.மீ., அழுத்தம் 80 பார் எனில் தகைவு 80 மெகாபாஸ்கல். டர்போ பொருத்தி அழுத்தத்தை 120 பார் ஆக்கினால், தகைவும் 120 ஆகும். சாதாரண வார்ப்பிரும்பு ஒருமுறை இழுத்தால் 200 மெகாபாஸ்கல் அளவுக்குத் தாங்கக்கூடும். ஆனால் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் ஓர் உருளை 3000 முறை இழுபடுகிறது! இவ்வாறு ஓயாமல் இழுபட்டால், அதில் பாதித் தகைவிலேயே உலோகம் களைத்து விரிசல் விடலாம்.

அப்படியானால் தடிப்பைக் கூட்டலாமே என்பீர்கள். இரும்பு, அலுமினியக் கலவையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். சுவர் தடித்தால் உட்புறம் மிகுதியாகச் சூடேறும். உட்புறமும் வெளிப்புறமும் வெவ்வேறு அளவில் விரிய முயல்வதால் புதிய தகைவு பிறக்கும். அணுபுரத்து மாணவர்களுக்கு இதற்குச் சான்று பக்கத்திலேயே உள்ளது. கல்பாக்கத்தில் 1985-இல் தொடர்வினையை எட்டிய சோதனை ஈனுலையைக் குளிர்விப்பது உருகிய சோடியம். சோடியத்தின் அழுத்தம் குறைவு. வெப்பமோ திடீரென மாறக்கூடும். ஆகவே இத்தகைய உலைகளின் கலன்களுக்கு மெல்லிய சுவரையே பொறியாளர்கள் விரும்புகின்றனர்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளிரும்போது பட்டை சுருங்கி மரத்தை இறுக்கும். அதுபோலவே அலுமினிய பிளாக்கைச் சூடாக்கி, சற்றே பெரிதாகக் கடைந்த ஸ்லீவை உள்ளே இறக்குகிறார்கள். பிளாக்கின் பிடி, வாயுவின் தள்ளுதலை எதிர்த்து நிற்கும். ஆனால் எஞ்சின் சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட இருமடங்கு விரியும். 88 மி.மீ. விட்டத்தில் 100 டிகிரி உயர்ந்தால் வேறுபாடு ஏறத்தாழ 0.1 மி.மீ. இதைக் கணக்கிடாமல் கடைந்தால் பிடி தளர்ந்து ஸ்லீவ் நகரும்.

ஆகவே கிராஃபைட்டு உருண்டைகளாக அமைந்த வலிய வார்ப்பிரும்பு, சரியான இறுக்கம், உருளையின் மேல்விளிம்புக்குத் தாங்கல், தடையற்ற குளிர்நீர் ஆகிய நான்கும் சேர்ந்ததே உண்மையான வலிமை. ஸ்லீவ் விரிசல் விட்டால் குளிர்நீர் உருளைக்குள் புகும். எஞ்சின் ஓட்டத்திலேயே இறுகி நின்றுவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அப்படி நேர்ந்தால், ஆபத்து ஓட்டுபவருக்கு மட்டுமன்று.

பட்டறைக்குப் போகுமுன் தாளும் பென்சிலும் எடுங்கள். கணக்குப் பார்த்தபின் லேத்தைத் தொடுங்கள். வேகத்தைச் சோதிக்கப் பந்தயத் தளம் இருக்கிறது; பொதுச்சாலை அதற்குரிய இடமன்று.