அணையும் கணினியும் அவசரத் தீர்ப்பும்

நெடுங்கேணி போன்ற வன்னி ஊர்களில், பாடசாலைக்கோ சனசமூக நிலையத்துக்கோ கணினி அன்பளிப்புச் செய்யப்படும் நாளில் நாடா வெட்டுதலும் படம் பிடித்தலும் வெகு விமரிசையாக நடந்தேறுகின்றன. ஆனால் அதே யந்திரம் பின்னொரு நாள் வேலைக்கு நடுவே திடீரென அணையத் தொடங்கும்போது, அதன் காரணத்தை நிதானமாக விசாரிப்பார் அரியர். ‘வைரஸ்’ என்று ஒருவர் தீர்ப்புரைக்க, ‘போர்மட் பண்ணி விண்டோஸ் போட்டால் சரி’ என்று இன்னொருவர் பரிகாரஞ் சொல்ல, புளியங்குளம் சந்தியில் பஸ் மாறி வவுனியாக் கடைக்குப் போகும் பெட்டி, உள்ளிருந்த பாடக்குறிப்புகளை இழந்து திரும்பி வந்து, பழையபடியே அணைகிறது.

இவ்விஷயத்தில் முதற் பரீட்சை மிகவும் எளியது. கணினியை பயோஸ் திரையிலேயே அரைமணி நேரம் விட்டுப் பார்த்தல் வேண்டும். அங்கும் அது அணையுமாயின், இன்னும் இயங்கவே தொடங்காத விண்டோஸின்மேல் பழி சுமத்துவதில் நியாயமில்லை. அங்கே நின்றுபிடித்து, பாரமான வேலையின்போது மாத்திரம் அணைந்து, சற்று ஆறியபின் மீண்டும் உயிர்பெறுமாயின், உஷ்ணத்தையே முதலில் சந்தேகிக்கலாம். பக்கத் தகட்டைக் கழற்றினால், சோளகக் காற்று கொண்டுவந்த செம்மண் புழுதி, புரொசெசரின் மேலுள்ள அலுமினியத் தகடுகளுக்கிடையே கம்பளிபோல் அடைந்திருப்பதைக் காணலாம். பெரும்பாலான புரொசெசர்கள் 100 பாகை செல்சியஸை அண்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைப்பன. அதற்கும் அடங்காமல் உஷ்ணம் மேலும் ஏறினால், கருகிப் போகாதபடி மின்னைத் துண்டித்துக்கொள்வன. ஆகவே அந்த அணைவு பல வேளைகளில் யந்திரத்தின் தற்காப்பேயாகும்.

தண்ணீர் மோட்டார் போடுங் கணத்தில், மின்னழுத்தம் சட்டெனச் சரிய, அணைவதோ வேறு கதை. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன். நல்ல பவர் சப்ளைகூட ஏறத்தாழ 17 மில்லிசெக்கன் தடையைத் தாங்கவே விதிக்கப்பட்டிருக்க, மேற்புறம் உப்பிய கொண்டென்சர்களுடன் உழலும் மலிவுச் சரக்கு எதைத் தாங்கும்? யு.பி.எஸ். இருக்கிறதே என்று அமைதி கொள்ளவும் இயலாது. அதிலுள்ள ஈய பற்றரியின் ஆயுள், உஷ்ணம் 10 பாகை கூடினால் ஏறத்தாழப் பாதியாகும்.

எனவே, கணினி வழங்குவோர், புலம்பெயர்ந்த உறவுகளாயினும் அரசாங்கத் திணைக்களமாயினும், ஒழுங்கான ஏர்த் இணைப்பு, புழுதி தட்டும் தூரிகை, தேர்மல் பேஸ்ட், ஒரு மல்ரிமீற்றர், காலாகாலத்தில் மாற்றும் பற்றரிக்கான பணம் ஆகியவற்றையும் அன்பளிப்பின் அங்கமாகக் கொள்ளல் அவசியம். தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பரீட்சைப் பாடமாகக் கற்கும் மாணவருக்கு, தவணைக்கொரு தடவையேனும், மின்னிணைப்பை நீக்கிய பெட்டியைத் திறந்து துப்புரவு செய்யும் பொறுப்பை ஆசிரியர் மேற்பார்வையில் ஒப்படைத்தல் அதனினும் அவசியம். பராமரிப்புக்குப் பணமும் ஆளும் ஒதுக்காமல் வழங்கப்படும் பத்துக் கணினிகளிலும், அவ்விரண்டோடும் வரும் ஐந்து கணினிகளே இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பிரயோசனப்படும்.