வாசலுக்கு சிமெண்ட் பூசுமுன் இதைப் படியுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிக்கவும்.

சென்னைப் புறநகரில் வீடு கட்டி கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கிறீர்கள். மகிழ்ச்சியோடு வருகிறேன். ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே காட்சி. சுற்றிலும் ஒரு சாண் மண் கிடையாது. சிமெண்ட், இல்லாவிட்டால் பேவர் பிளாக். கேட்டால் மனப்பாடமாக ஒரு பதில்: "சார், இடம் இல்லை. போர் தண்ணீர் உப்பு. மண் பூராவும் கட்டடக் கழிவு. இதில் என்ன விளையும்?"

இதெல்லாம் காரணமே அல்ல, சாக்கு!

இடம் இல்லையா? மதில் சுவர் இருக்கிறதே. வெயில் படும் பக்கம் கம்பி கட்டினால் பாகலும் கோவையும் அவரையும் ஏறும். நிழல் பக்கம் மஞ்சள், இஞ்சி, சேம்பு வரும்.

மண் கெட்டதா? இரண்டடிக்கு இரண்டடி குழி தோண்டி, செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டிகளைப் பொறுக்கி எறியுங்கள். செம்மண், மக்கிய சாணம், காய்ந்த இலை போட்டு நிரப்புங்கள். முருங்கைக்கு அது போதும்.

உப்புத் தண்ணீரா? சப்போட்டா தாங்கும். கீரைக்கு அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை ஊற்றுங்கள். மண்ணில் படிந்த உப்பைக் கரைத்துக் கீழே இறக்குவது மழை. அந்த மழை உள்ளே போகாமல் நீங்கள்தானே மூடி போட்டீர்கள்?

கணக்குப் போடுவோம். 100 சதுர அடி என்பது சுமார் 9.3 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை. ஆக, அந்தத் துண்டு நிலத்தில் விழுவது சுமார் 13,000 லிட்டர். ஒரு பெரிய லாரித் தண்ணீர்! அதைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு, 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோம். 2003-லேயே மழைநீர் சேகரிப்பைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார்கள். பல வீடுகளில் அந்தக் குழாய் இன்று வெறும் அலங்காரம்.

"கொசு வருமே" என்கிறீர்கள். கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். மொட்டை மாடியில் கிடக்கும் பழைய பெயிண்ட் டப்பாவை முதலில் கவிழ்த்து வையுங்கள். கார் நிறுத்த வேண்டுமா? சக்கரம் போகும் இரண்டு பட்டைக்கு மட்டும் கல் பதித்தால் போதுமே.

வீட்டுப்பாடம் இதுதான்: ஆடி பிறப்பதற்குள் 20 சதுர அடி சிமெண்டையாவது உடையுங்கள். அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு வரும்போது எனக்குப் பொன்னாடை வேண்டாம். ஒரு கட்டு கீரை கொடுங்கள்.